எட்டாம் வேற்றுமை

நவம்பர் 12

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். நீயும் நலம் என்று மகள் சொன்னாள். அவளை நடுவில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசுவதை இனி விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நான் நாலு வாக்கியம் சொன்னால் அவள் உன் பக்கம் திரும்பி, "அப்பா நல்லாத்தான் இருக்காராம்மா" என்று ஒன்றாகச் சுருக்கிவிடுகிறாள். நீ நீளமாக ஏதோ சொல்வது எனக்குக் கேட்கிறது. எனக்கு வந்து சேர்வதோ "சரிங்கறாங்க" மட்டும். தொலைபேசியில் உனக்குச் சொற்கள் பிடிபடுவதில்லை, ஆகவே கடிதம். திருமணத்துக்குப் பிறகு நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தபோது எழுதியதுதான் கடைசி. பிழை இருந்தால் திருத்தவும்.

வீட்டு நிலவரம். கூடத்திலும் உன் படுக்கையறையிலும் சேற்றை வாரிக் கழுவியாகிவிட்டது. தண்ணீர் நின்ற கோடு சுவரில் உன் தையல் மெஷின் உயரத்துக்குத் தெரிகிறது. பீரோக் கதவு உப்பிப்போய் மூட மறுக்கிறது. சமையலறையில் மேல்தட்டு நனையவில்லை. நான் மாடி அறையிலேயே ஸ்டவ்வை வைத்து முட்டை வேக வைத்துக்கொள்கிறேன். நேற்று ஒரு முட்டை வெடித்தது. ஏன் என்று தெரியவில்லை.

இரண்டு விஷயங்களில் எனக்குத் தெளிவில்லை. ஒன்று, வீடு. தரகர் வந்திருந்தார். வெள்ளம் வரும் தெரு என்று தெரிந்தே கேட்பவர் ஒருவர் இருக்கிறாராம். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். விற்றுவிட்டு நாம் இருவரும் தன் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்கிறாள் மகள். இதில் உன் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இன்னொன்று, புத்தகம். நம் புவியியல் பாடநூலை நான்காம் பதிப்பாகப் போடுகிறார்கள். மனிதனையும் நிலத்தையும் பற்றிய அத்தியாயத்தை முழுதாக மாற்ற வேண்டும் என்று பதிப்பகத்துப் பெண் சொல்கிறாள். "சார், இப்பல்லாம் யாரும் அப்படி யோசிக்கிறதில்ல சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் மூன்று பதிப்பாக அப்படி யோசித்த ஆளிடம் சொல்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு இல்லை.

வெள்ளத்தன்று படகில் ஏறிப் போகும்போது நீ என்மீது கோபமாக இருந்தாய். அது நியாயம்தான். அதற்குமேல் அதைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்

•

நவம்பர் 19

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒற்றுப்பிழைகளைச் சிவப்பில் சுழித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "உன் கருத்தை அறிய விரும்புகிறேன்" என்பதில் பிழை ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளில் அப்படித்தான் எழுதுவார்கள்.

முட்டையைத் தண்ணீர் இல்லாமல் வேக வைத்திருப்பீர்கள். அடுப்பில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால் தண்ணீர் என்ன, பாத்திரமே வற்றும்.

இங்கே எனக்குக் குறை இல்லை. பன்னிரண்டாம் மாடி. மழை பெய்தால் கண்ணாடியில் கோடு விழுவதை வைத்துத்தான் தெரிகிறது. மாப்பிள்ளை தங்கமானவர். என்னிடம் பேசும்போது குரலை உயர்த்துகிறார், உதடு அசைவதே இல்லை. பேத்திதான் கெட்டிக்காரி. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு பேசுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அத்தியாயத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை நீங்கள் மாற்றுவது இது முதல் தடவையா? நான் புதுப்பெண்ணாக வந்ததும் நீங்கள் எனக்குக் கொடுத்த முதல் பரிசு அதன் கையெழுத்துப் பிரதி. மலைநாட்டார் கடுமையானவர்கள், கடலோரத்தார் துணிந்தவர்கள், வளமான சமவெளியில் பிறந்தவர்கள் இயல்பிலேயே சோம்பேறிகள் என்று எழுதியிருந்தீர்கள். "நான் சமவெளிக்காரி. விடியுமுன் எழுந்து உங்களுக்கும் உங்கம்மாவுக்கும் வெந்நீர் போட்டது யாரு?" என்று கேட்டேன். மூன்று நாள் யோசித்துவிட்டு அந்தப் பத்தியை அடித்தீர்கள். பத்தி போனது, "நிலத்தால் அமைந்த மனிதன்" என்ற தலைப்பு மட்டும் நின்றது. இரண்டாம் பதிப்பில் அணைக்கட்டுகளைப் பார்த்து மயங்கி "நிலத்தை வென்ற மனிதன்" என்றீர்கள். மூன்றாவதில் "மனத்தில் நிலம்". மூன்றிலும் உருபைச் சரிபார்த்தவள் நான். இந்த முறையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

வீட்டைப் பற்றி என் கருத்து: அந்தக் கீழ் அறையில் நான் இனித் தனியாகப் படுக்க மாட்டேன். விற்பதா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். நான் என்ன சொல்வேன் என்று காத்திருக்காமல், ஒரு தடவை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

டீச்சர்

•

நவம்பர் 28

அன்புள்ள டீச்சருக்கு,

சிவப்பு மை கண்டதும் பாதி பயம் போயிற்று. நீ அந்த மை வாங்கப் போன அளவுக்காவது என்னைப் பற்றி நினைத்திருக்கிறாய்.

முட்டை விஷயம் நீ சொன்னபடியே.

அத்தியாயத்தைத் தொடங்கி நாலு முறை கிழித்துவிட்டேன். என் ஆசிரியர் காலத்தில் நிலம் கட்டளையிட்டது, மனிதன் பணிந்தான். பிறகு, நிலம் பல வழிகளைத் திறந்து வைக்கிறது, தேர்ந்தெடுப்பவன் மனிதன் என்றார்கள். அதற்கும் பிறகு, மனிதன் தன் நிலத்தை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்று படிவம் போட்டுக் கேட்டோம். மாணவர்களிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, அவரவர் ஊரை நினைவிலிருந்து வரையச் சொன்னேனே, அந்தக் காலம். நீயும் ஒன்று வரைந்தாய். நூலகம் தாளில் பாதி. நம் வீடு ஒரு புள்ளி. பதிப்பகத்துப் பெண்ணின் தலைமுறை கேட்பது வேறு. வாய்க்காலைக் குறுக்கியது யார், மேல் காலனிச் சாலையை உயர்த்தியது யார், தண்ணீர் எந்தத் தெருவுக்குள் போகட்டும் என்று தீர்மானித்தது யார். "யாரது நிலம்?" என்று தலைப்பு வைக்கச் சொல்கிறாள். ஒவ்வொன்றையும் படிக்கும்போது அதுவே சரி என்று படுகிறது. அதுதான் என் வியாதி. உனக்குத் தெரிந்ததே.

ஆகவே நம் தெருவையே எடுத்துக்கொண்டு பார்ப்போம் என்று ஒரு படிவம் தயாரித்தேன். கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் வரும் என்று தெரிந்தும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்? கையில் அட்டையும் பேனாவுமாக வாசலில் இறங்கவே எனக்கு அரை நாள் ஆயிற்று.

எதிர்வீட்டுத் தையற்காரம்மா கதவைத் திறந்ததும், "என்ன சார், ஓட்டு கேட்டு வந்திருக்கீங்களா?" என்றார். கேள்வியைப் படித்தேன். "வாசப்படிய ரெண்டு அடி ஏத்திக் கட்டிட்டேன் சார். இன்னும் ரெண்டு வெள்ளம் தாங்கும். அதுக்கப்புறம் என் மருமக பாடு" என்றார். உள்ளேயிருந்து மருமகள், "அத்தை, கேட்குது" என்றாள். "கேட்கட்டும்னுதான சொல்றேன்."

கோடிவீட்டு மாடியில் குடியிருக்கும் நர்ஸ், காலணியைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள். "வாடகை கம்மி சார். தண்ணி வர்றதாலதான் கம்மி. வரலன்னு வைங்க, நான் இங்க இருக்கவே முடியாது." இந்த ஒரு வாக்கியத்தை அத்தியாயத்தில் எங்கே வைப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

துணி தேய்ப்பவர் பதிலே சொல்லவில்லை. "அத விடுங்க. டீச்சர் எப்ப வர்றாங்க?" என்றார். தையற்காரம்மாவும் கேட்டார். நர்ஸும் கேட்டாள். படிவத்தில் அதற்கு இடம் இல்லாததால் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

வீடு குறித்து முதலில் நான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

இப்படிக்கு,
உன் கணவன்

•

டிசம்பர் 6

பேராசிரியர் அவர்களுக்கு,

தெரு முழுக்கக் கேட்டுவிட்டீர்கள். நல்ல ஆய்வு. அந்தத் தெருவில் வெகுகாலம் குடியிருந்து இப்போது வெளியூரில் இருக்கும் ஒருத்தியை மட்டும் கேட்கவில்லை. உங்கள் மாதிரிக் கணக்கெடுப்பில் அவள் விழவில்லை போலிருக்கிறது.

சம்பந்தியம்மா போன வாரம் வந்திருந்தார். "தனியா இருந்து என்ன பண்றார் உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார். "ஏன் தனியா இருக்கோம்னு ஆராய்ச்சி பண்றார்" என்றேன். என் காதில் விழாதபடி சிரிக்க வேண்டும் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார். எப்படியும் விழாது. பொத்தியிருக்க வேண்டாம்.

தலைப்பைப் பற்றிச் சொல்கிறேன். நிலத்தால் என்றீர்கள், மூன்றாம் வேற்றுமை. நிலத்தை என்றீர்கள், இரண்டாவது. மனத்தில் என்றது ஏழாவது. அந்தப் பெண் சொல்லும் யாரது நிலம், ஆறாவது. வரிசை தப்பினாலும் பள்ளிக்கூடத்தில் நான் நடத்திய பாடம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எட்டாம் வேற்றுமை மட்டும் உங்கள் கைக்கு வரவே இல்லை. புத்தகத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை.

கடிதத்தைக்கூட "டீச்சருக்கு" என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கும் ஆள் நீங்கள்.

எட்டாவது என்ன என்று நினைவில் இல்லையென்றால் என் பழைய இலக்கணப் புத்தகம் சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. நனையவில்லை என்று எழுதியிருந்தீர்களே.

டீச்சர்

•

டிசம்பர் 15

அன்புள்ள டீச்சருக்கு,

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் வேற்றுமை, விளி. அழைத்தல். அதற்கென்று தனி உருபு கிடையாது, பெயர் தானே தன் கடைசி எழுத்தில் மாறிக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் உன் கையெழுத்தில், "கூப்பிடும்போது கூப்பிடப்படும் பெயர்தான் நீள்கிறது, கூப்பிடுபவன் மாறுவதில்லை" என்று ஒரு குறிப்பு. எந்த வகுப்புக்காக எழுதினாய்?

நீ கொடுத்த குறிப்பு எனக்கு மிகவும் உதவியது. நிலம் மனிதனை அழைக்கிறது! இதுவரை எந்தக் கொள்கையும் இதைச் சொல்லவில்லை. விட்டுப் போனவர்கள் திரும்பி வருவது, வெள்ளம் வடிந்ததும் அதே வாசலைக் கழுவிக் கோலிக்கொண்டு உட்கார்வது, இதற்கெல்லாம் இடம் கிடைக்கிறது. உட்கார்ந்து ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதிவிட்டேன். தலைப்பு "நிலமே". இணைத்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு சந்தேகம். இதே ஏகாரத்தை அழுத்தத்துக்காக என்று படித்தால், "நிலம்தான் எல்லாம்" என்று என் ஆசிரியர் சொன்ன இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. அறுபது வருடம் நடந்து புறப்பட்ட வாசலுக்கே வந்துவிட்டேனா?

உன்னைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். உண்மை. வெட்கமாக இருந்தது. படிவம் ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்காகக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன்: ஏன் இங்கே இல்லை?

சங்கடமாக இருந்தால் நிரப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உன் கணவன்

பி.கு.: "கோலிக்கொண்டு" சரியான சொல்தானா? எழுதிய பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

•

டிசம்பர் 27

உங்களுக்கு,

"கோலிக்கொண்டு" அந்த இடத்தில் சரியில்லை. "கழுவிவிட்டு" போதும். உங்கள் நாலு பக்கம் அழகாக இருக்கிறது. நான் சொன்னது அது அல்ல.

படிவத்தில் பதிலுக்கு மூன்று கோடு போட்டிருக்கிறீர்கள். எனக்குப் போதாது. இதிலேயே எழுதுகிறேன்.

தண்ணீருக்குப் பயந்துதான் நான் திரும்பி வரவில்லை என்று நீங்களும் மகளும் முடிவு செய்துவிட்டீர்கள். அந்த வீட்டில் எத்தனை முறை தண்ணீர் வந்திருக்கிறது? ஒவ்வொரு முறையும் முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். கொல்லைச் சாக்கடை மூடிக்குக் கீழே, குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் வரும். அது வந்தால் ஒரு மணி நேரத்தில் வாசலில் நிற்கும். எழுந்து, அரிசியை மேலே ஏற்றி, உங்கள் புத்தகத்தை ஏற்றி, உங்களையும் ஏற்றுவேன். எனக்குப் பயமே இருந்ததில்லை. தண்ணீர் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தது.

இந்த முறை சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டின்போது, மெத்தையையும் மெஷினையும் மாடிக்கு ஏற்றிவிடலாம் என்றேன். வானிலை அறிக்கை வரட்டும் என்றீர்கள். கோபத்தில் போய்ப் படுத்தேன். காதுக் கருவியைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் படுப்பேன், உங்களுக்குத் தெரியும். கண் விழித்து, செருப்பென்று நினைத்துக் காலை இறக்கினேன். தண்ணீர். ஸ்டூல் மிதந்துகொண்டிருந்தது. கருவியைக் காணோம். அறை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, ஒரு சத்தம் இல்லை. படத்தில் பார்ப்பதுபோல இருந்தது. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி.

எழுந்து வந்து பார்த்தால் நீங்கள் படிக்கட்டில் நிற்கிறீர்கள். கையில் கீழ் அலமாரிப் புத்தகங்கள். என்னைக் கூப்பிடவில்லை. அதை மட்டும்தான் அன்றைக்கு நினைத்தேன். படகு வந்தது, நான் ஏறினேன். பின்னாலேயே ஏறுவீர்கள் என்று நினைத்தேன். "நீ போ, நான் சாமானைப் பார்த்துக்கறேன்" என்று உதடசைத்துக் கையைக் காட்டினீர்கள். தெருமுனை வரைக்கும் முதுகில் ஒரு குரலுக்காகக் காத்திருந்தேன்.

எட்டாம் வேற்றுமை என்று நான் எழுதியது இதைத்தான். நீங்கள் விளக்குவீர்கள். வகைப்படுத்துவீர்கள். ஓரத்தில் குறித்துக்கொள்வீர்கள். கூப்பிட மாட்டீர்கள்.

கருவி தண்ணீரில் போனதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். மகள் போன மாதம் புதிது வாங்கித் தந்தாள்.

டீச்சர்

•

ஜனவரி 2

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து, உன் அறை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு படியேறி, அன்றைக்கு நான் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். இதை எப்படி எழுதினாலும் சாக்குச் சொல்வதுபோலப் படும். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நான் கூப்பிட்டேன்.

சன்னல் வழியே தெருவில் தண்ணீரைப் பார்த்ததும் படியின் உச்சிக்கு வந்து கூப்பிட்டேன். டீச்சர் என்று அல்ல. உன் பெயரைச் சொல்லி. மூன்று முறை. பதில் வரவில்லை. விழித்துத்தான் இருக்கிறாய், சாப்பாட்டு நேரத்துக் கோபத்தில் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். கோபமாக இருக்கும்போது நான் கூப்பிட்டு நீ பதில் சொல்லாமல் இருப்பது புதிதல்ல. கோபம் தணிவதற்குள் ஒன்றிரண்டு புத்தகத்தை ஏற்றிவிடலாம், ஏதாவது உபயோகமாகச் செய்திருப்பதைப் பார்த்தால் உன் மனம் இளகும் என்று கணக்குப் போட்டேன். கூடத்தில் பாதம்தான் நனைந்தது. அதற்குள் தண்ணீர் உன் கட்டில் வரை ஏறியிருக்கும் என்று நினைக்கவில்லை. நீ முழங்கால் நனைய வந்து நின்று என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரிந்தது.

படகு போனபோதும் மாடிச் சன்னலிலிருந்து கூப்பிட்டேன். எதிர்வீட்டுத் தையற்காரம்மாவைக் கேட்டுப் பார். "சார் இவ்ளோ சத்தம் போடுவாரான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். நீ திரும்பவில்லை. கடைசிவரை திரும்பவில்லை. உன் காதில் கருவி இல்லை என்பது எனக்குத் தெரியாது. என்னோடு வாழ முடியாது என்று முடிவு செய்துவிட்டாய் என்று நினைத்தேன். அதனால்தான் பின்னால் வரவில்லை. அதனால்தான் வீட்டைப் பற்றி நான் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. வா என்று எழுதி, வர மாட்டேன் என்று நீ பதில் எழுதினால், அதைச் சிவப்பில் சுழிக்க எனக்குத் தெரியாது.

மனிதன் தன் சூழலை எப்படி உணர்கிறான் என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். சாக்கடை மூடிக்குக் கீழே குடம் மொள்ளும் சத்தம் வரும் என்பதை நீ எனக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லவில்லை என்பது தவறு, நான் கேட்டதில்லை.

நேற்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சாக்கடைத் தொட்டியில் தண்ணீர் ஏறினால் எரியும்படி ஒரு சிவப்பு விளக்குப் போடச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் மிதவைதான். அதையே திருப்பி மாட்டியிருக்கிறார். வாளியால் ஊற்றிப் பார்த்தோம், எரிகிறது. "யாருக்கு சார், இவ்ளோ பெரிய பல்பு?" என்று கேட்டார். உன் கட்டிலையும் அவரைப் பிடிக்கச் சொல்லி மாடிக்கு ஏற்றிவிட்டேன். இதெல்லாம் உன்னை வரச் சொல்லி அல்ல. எதையாவது செய்யாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்

•

ஜனவரி 10

என்னங்க,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிழை திருத்தவில்லை.

மகளிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு காது மெஷின் வாங்கியிருக்கணும்" என்றாள். பிறகு அவளே அழுதாள். பேத்தி அவள் கன்னத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

கருவி இல்லாத காதோடு ஒரு குரலுக்குக் காத்திருந்தேன் என்பது கோபத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பெயரைச் சொல்லியா கூப்பிட்டீர்கள்? கல்யாணமான புதிதில் ஒரு தடவை, ரயிலடியில், கூட்டத்தில் நான் காணாமல் போனபோது கூப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு இப்போதுதான். அதைக் கேட்காமல் போய்விட்டேனே என்று இரண்டு நாளாக அதே நினைப்பு. தண்ணீர் வந்தது கேட்காததுகூட இப்படி வலிக்கவில்லை.

டாக்டர், புதுக் கருவி போட்டாலும் மெல்லிய குரல்கள் இனிக் கேட்பது கஷ்டம் என்கிறார். உங்கள் குரல் மெல்லியது. அதனால் இனி நீங்கள் படியில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, சன்னலில் நின்றாலும் கேட்காது. விளியில் பெயர் நீண்டால் போதும் என்று பிள்ளைகளுக்கு நடத்தினேன். கூப்பிடுபவன் கிட்டே வர வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அந்த ஓரக் குறிப்பை அடித்துவிடுங்கள்.

விளக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல விளக்காக இருக்கும். ஆனால் விளக்குக்கு நான் பதில் எழுத முடியாது. உங்களுக்கு என் பதில் வேண்டுமென்றால் நீங்கள்தான் வர வேண்டும். தனியாக ரயிலேறத் தெரியாது என்று சொல்லக் கூடாது. டிக்கெட்டில் பெட்டி எண் போட்டிருக்கும், அதே எண் பெட்டியிலும் எழுதியிருக்கும்.

அத்தியாயம் என்ன ஆயிற்று?

டீச்சர்

•

ஜனவரி 16

டீச்சர்,

உருபை எடுத்துவிட்டேன். கவனித்தாயா?

டிக்கெட் வாங்கியாயிற்று. இருபத்து மூன்றாம் தேதி காலை வண்டி. துணி தேய்ப்பவர் கூட வந்து வரிசையில் நின்று வாங்கித் தந்தார். பெட்டி எண்ணை அவரும் படித்துச் சொன்னார், நானும் படித்தேன், கவுன்டரில் இருந்தவரும் ஒரு முறை சொன்னார். தரகரிடம், டீச்சரைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் என்று சொல்லிவிட்டேன். "நீங்க முடிவு பண்ண மாட்டீங்களா சார்?" என்றார். "இல்ல, நாங்க முடிவு பண்ணுவோம்" என்றேன். சொன்ன பிறகு அந்தச் சொல் எனக்கே பிடித்துப்போயிற்று.

அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். "நிலமே" பக்கங்களை எடுத்துவிட்டேன். என் ஆசிரியர் சொன்னதும், பிறகு வந்தவர்கள் சொன்னதும், பதிப்பகத்துப் பெண் சொல்வதும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நர்ஸின் வாடகை வாக்கியத்தை, அவளிடம் கேட்டுக்கொண்டு, நடுவில் வைத்தேன். வாய்க்காலைக் குறுக்கியவர்களைப் பற்றியும் எழுதினேன். பயந்துகொண்டேதான் எழுதினேன், ஆனால் அடிக்கவில்லை. மாற்றியது ஒரே ஒரு சொல். மூன்று பதிப்பிலும் மனிதன், மனிதன் என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதும்போது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது தலைப்பு "நிலமும் நாமும்". நாங்கள் என்று சொல்ல எதிரில் யாராவது இருந்தால் போதும். நாம் என்று சொல்ல, கேட்பவரும் அதற்குள் இருக்க வேண்டும். பாடநூலுக்கு இது பொருந்துமா என்று தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்வதற்கு முன்பே அனுப்பியது இதுதான் முதல் தடவை.

அங்கே வந்ததும் வாசலில் நின்று ஒன்றும் சொல்ல மாட்டேன். உள்ளே வந்து, எதிரில் உட்கார்ந்து, பேத்தி செய்வதுபோல உன் கன்னத்தைத் திருப்பிவைத்துக்கொண்டுதான் பேசுவேன். மாப்பிள்ளை இருந்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

சொல்லப் போவது ஒரே சொல். உதட்டைப் பார்.

உன் கணவன்

•

ஜூன் 4, மாடி அறை

ஏங்க,

அச்சுப்படியில் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். காபி கலந்துவிட்டுக் கீழிருந்து ஒரு தடவை கூப்பிட்டேன். நடுப்படியில் நின்று ஒரு தடவை. இப்போது பக்கத்தில் நின்று ஒரு தடவை. மூன்றாவது தடவை "உம்" என்றீர்கள், நிமிரவில்லை. ஆகவே இந்தச் சீட்டை நீங்கள் படிக்கும் பக்கத்தின்மேலேயே வைக்கிறேன்.

மழை மாதங்களுக்கு மகளிடம் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் வருகிறோம் என்று. டிக்கெட்டை இந்த முறையும் நீங்களே வாங்குங்கள். விளக்கு எரியவில்லை, சாக்கடை காய்ந்து கிடக்கிறது, பார்த்துவிட்டுத்தான் ஏறி வந்தேன்.

அத்தியாயத் தலைப்பில் பிழை இல்லை.

காபி ஆறுகிறது. காது கேட்காதவள் நானா, நீங்களா?